பால் வழு

இலக்கணம் படிப்பிப்போருக்கு விருப்பமான சூத்திரங்கள் சில உண்டு. விருப்பமில்லாதனவும் சில உண்டு. விருப்பமான சூத்திரத்தில் ஒரு கிழமை தங்குவோம். விருப்பமில்லாததை, “இது வெளிப்படை, வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லித் தாண்டிவிடுவோம். தாண்டியதை மாணாக்கர் அறியார் என்று எண்ணிக்கொள்வது ஆசிரிய வர்க்கத்தின் பழைய மயக்கங்களுள் ஒன்று.

நான் முப்பது ஆண்டுகளுக்கு அணித்தாக நன்னூல் படிப்பித்து வருகின்றேன். பெயரியலின் தொடக்கத்தில் உயர்திணை இவை, அஃறிணை இவை என்று வகுத்து, பால் ஐந்தையும் கூறி முடித்த கையோடு, பவணந்தி முனிவர் ஒரு சிறு சூத்திரம் வைத்திருக்கின்றார். ஆண், பெண் என்னும் இரு கட்டினுள்ளும் நேராக அடங்காத மனிதரை எந்தப் பாலாற் சொல்வது என்பதே அச்சூத்திரத்தின் விஷயம். அதனைத்தான் நான் நெடுங்காலம் தாண்டிக்கொண்டிருந்தேன். தாண்டாது நின்ற ஒரு நாள் உண்டு. அன்று தாண்டியிருந்தாலே நன்றாயிருந்திருக்கும்.

இருபது வருஷத்துக்கு முந்திய கதை. மூன்றாவது வாங்கில் ஒரு மாணாக்கி இருந்தாள். அந்நாளில் அவளை ‘அவன்’ என்றே எண்ணினேன். இடாப்பிலும் அவ்வாறே இருந்தது. இன்று ‘அவள்’ என்று எழுதுகின்றேன். சென்ற காலத்துக்கும் சேர்த்தே எழுதுகின்றேன். காரணம் பின்னால் வரும். மெல்லிய குரல். செய்யுளைச் சீர் பிரித்து வாசிக்கச் சொன்னால் அந்த வகுப்பிலே அவளுக்கு இணை ஒருவருமில்லை. சூத்திரம் வாசிக்கப்பட்டது. பின்வாங்கில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வகுப்பு முழுவதும் மூன்றாவது வாங்கைத் திரும்பிப் பார்த்தது. ஆசிரியன் அவ்விடத்திற் செய்ய வேண்டியது இன்னதென்று எனக்குத் தெரியாததன்று. ஆயினும் என் வாயிலிருந்து வந்தது வேறு. “உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை” என்றேன். சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் சென்றது. அவள் புத்தகத்திலே தலை கவிழ்ந்திருந்தாள். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. குடும்பக் கஷ்டம் என்று சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பகிடிக்குப் பயன்பட்ட அந்தச் சூத்திரம் உண்மையிலே என்ன சொல்கின்றது என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே நின்று பார்த்தேன். பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை அவாவுகின்றவரை ஆண்பாலாகச் சொல்ல வேண்டும். ஆண்தன்மையை விட்டுப் பெண்தன்மையை அவாவுகின்றவரைப் பெண்பாலாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. ‘அவாவுதல்’ என்ற வினையைக் கவனிக்க. பிறந்தபோது மருத்துவிச்சி சொன்னது எது என்று முனிவர் கேட்கவில்லை. உடம்பிலே இருப்பது எது என்றும் கேட்கவில்லை. அவர் நாடுவது எது என்று கேட்டு, அதன்வழி விகுதியைக் கொடுத்துவிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, உலகைத் துறந்த ஒரு சமண முனிவர் சொல்லிய விதி இது.

அவருக்கும் மிக முற்பட்ட தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதனை ஈரிடத்தில் தொடுகின்றார். ஓரிடத்தில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே சூத்திரத்தில் அருகருகே வைத்து, இவற்றுக்கெனத் தனி விகுதி இல்லை, உயர்திணைக்குரிய பால் விகுதிகளையே இவை கொள்ளும் என்கின்றார். சில சூத்திரங்களுக்கு அப்பால், அத்தகையோர் பெயரை ஆண்பாற் சொல்லாற் சொல்ல இடமில்லை என்று முடிக்கின்றார். புன்னாலைக்கட்டுவன் கணேசையர் அவர்களின் குறிப்புக்களோடு கூடிய பதிப்பை வைத்துக்கொண்டு சொல்லதிகாரம் படித்தவன் நான். அந்தப் பக்கங்களில் என் கையால் எழுதிய குறிப்பு ஒன்றுமில்லை. மற்றைப் பக்கங்களின் ஓரமெல்லாம் மையாக இருக்கின்றது.

ஆனால், எல்லாம் எங்கள் முன்னோர் சொல்லிவைத்தனர் என்று மார்தட்ட வரவில்லை. அந்தத் தொழிலுக்கு எங்களுள் ஆட்கள் அதிகம். நானும் சில மேடைகளிற் செய்திருக்கின்றேன். பவணந்தியாரின் சூத்திரம் மேற்சொன்னவற்றோடு நிற்கவில்லை. இவ்விரு திறத்தாரும் அஃறிணை போலவும் சொல்லப்படுவர் என்று ஒரு வால் அதற்கு உண்டு. திருவள்ளுவர் ஆள்வினையுடைமையிலும் அவையஞ்சாமையிலும் பேடியின் கையில் உள்ள வாளைப் பயன்படாத பொருளுக்கு உவமையாக்கினார். சிலப்பதிகாரத்திலே மாதவி ஆடிய பதினொரு ஆடலுள் ஒன்று காமன் ஆடிய பேட்டுக் கோலம். மணிமேகலையிலே புகார் வீதியிற் பேடிக் கூத்தைச் சூழ நின்று பார்க்கின்றது சனம். பழைய நூல்களில் இம்மக்களுக்கு இடம் உண்டு. அந்த இடம் பெரும்பாலும் ஆடரங்கும் உவமையுமே. இலக்கணம் மாத்திரம் அவர்களை ஒரு வாக்கியத்தின் எழுவாயாக வைத்து, இவரை எவ்வாறு சொல்வது முறை என்று கேட்டது. அதனாலேதான் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகின்றேன்.

இக்காலத்தார் இவ்விஷயத்துக்குப் ‘பால்நிலை அடையாளம்’ என்று பெயர் வைத்திருக்கின்றனர். ஒருவர் தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ, இரண்டிலும் நேரே அடங்காதவரென்றோ உள்ளூர உணர்ந்திருத்தலே பால்நிலை அடையாளம். உடற்கூறு வேறு; இந்த உணர்வு வேறு; யார்மீது காதல் கொள்கின்றார் என்பது முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே சாக்கிற் போட்டுக் கட்டுவதனால் வந்த குழப்பமே எங்கள் திண்ணைப் பேச்சில் முக்கால்வாசி. உடற்கூற்றிலேயே ஆண், பெண் என்று வரையறுத்தற்கரியவராய்ப் பிறப்போரும் உளர்; அது மற்றொரு செய்தி. ‘திருநங்கை’, ‘திருநம்பி’ என்னும் சொற்கள் தமிழ்நாட்டிலே வழக்கேறி இங்கும் வந்திருக்கின்றன. பண்டிதர் ஒருவரும் குற்றம் சொல்ல முடியாத நல்ல சொற்கள். பழைய சொற்கள் வசையாகித் தேய்ந்துபோனமையால் அவற்றை இனி ஏட்டிலே மாத்திரம் வைத்துக்கொள்வது நன்று.

எங்களுட் பெரும்பாலானோருக்கு இந்த அடையாளம் என ஒன்று இருப்பதே தெரிவதில்லை. காலுக்கு அளவான செருப்பைப் போட்டவன் செருப்பை நினைப்பதில்லை. அளவில்லாதவனுக்கு ஒவ்வோர் அடியிலும் அது நினைவிருக்கும். பஸ்ஸில் எந்த ஆசனத்தில் இருப்பது, பாடசாலையில் எந்தச் சீருடை, பொது இடத்தில் எந்த மலசலகூடம், கல்யாண வீட்டிலே எந்தப் பந்தி என்று விடிந்ததிலிருந்து கேள்விகள். எங்களூர்க் கோயில்களில் ஆண்கள் மேலங்கியைக் களைந்தே உள்ளே செல்ல வேண்டும் என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. நான் சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு நினைவின்றி நுழைந்துவிடுகின்றேன். என்னுடைய பழைய மாணாக்கி பத்து வருஷமாக வெளிவீதியில் நின்றே கும்பிடுகின்றாள் என்று பின்னர் அறிந்தேன். மாதொருபாகன் எழுந்தருளியிருக்கும் சந்நிதியிலே இது நிகழ்கின்றது.

அவளை மீண்டும் கண்ட இடம் ஒரு வைத்தியசாலை. எனக்குச் சீனி வருத்தம். மாதந்தோறும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வரிசையில் இருப்பேன். சென்ற வருஷம் ஒரு நாள் வெளிநோயாளர் மண்டபத்தில் அவ்வாறு இருந்தபோது, பெயர் கூப்பிடும் உத்தியோகத்தர் ஓர் ஆண்பெயரைக் கூப்பிட்டார். ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை மண்டபம் அதிரக் கூப்பிட்டார். எனக்கு இரண்டு வாங்கு முன்னால் இருந்த சேலை கட்டிய பெண்ணொருத்தி எழும்பினாள். ஒரு கால் வீங்கி, அதனை இழுத்து இழுத்து நடந்தாள்.

“ஆளை வரச் சொல்லும். நீர் ஆர்?”

“நான்தான்.”

உத்தியோகத்தர் அவளுக்கு மறுமொழி சொல்லவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்து, “இஞ்சை பாரும், இது அவன்தானாம்” என்றார்.

மண்டபம் சிரித்தது. இருபது வருஷத்துக்கு முன் என் வகுப்பிலே கேட்ட அதே சிரிப்பு. ஏற்றமும் இறக்கமும் அதுவே. அப்போதுதான் அவள் யாரென்று எனக்கு விளங்கிற்று. அவள் துண்டை மேசையில் வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். நானும் எழும்பிப் போனேன். வாசலுக்கு வெளியே வேம்பின் கீழே எட்டிப்பிடித்து, “தம்பி, நில்லும்” என்றேன்.

அவள் திரும்பினாள். “ஐயா, நீங்களுமோ?” என்றாள்.

பழக்கதோஷம் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லவில்லை. “பிள்ளை, கால் வீங்கியிருக்குது. காட்டிப்போட்டுப் போம்” என்றேன். முந்திய முறை வந்தபோது ஆண்கள் வாட்டிலே கட்டில் கொடுத்தார்களாம். இரவு முழுவதும் போர்வையை இழுத்து மூடியபடி விழித்திருந்துவிட்டு, விடிந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் எழும்பிப் போயிருக்கின்றாள். காலிலே நோவு தொடங்கி ஐந்து நாள் ஆகியும் வைத்தியசாலைப் பக்கம் வராததற்குக் காரணம் அந்த இரவுதான்.

இவ்விடத்திலே நன்னூலுக்குத் திரும்ப அனுமதிக்க வேண்டும். மேற்சொன்ன சூத்திரத்தை அடுத்துப் பவணந்தியார் மற்றொன்று வைக்கின்றார். திணையும் பாலும் படர்க்கையிலேதான் புலப்படும். தன்மையிலும் முன்னிலையிலும் ஒருமை, பன்மை என்ற வேறுபாடு மாத்திரமே உண்டு என்பது அதன் பொருள். நான் வந்தேன், நீ வந்தாய், நீர் வந்தீர் என்னும்போது வந்தவர் ஆணா பெண்ணா என்பது சொல்லிலே இல்லை. அவன் வந்தான், அவள் வந்தாள் என்னும்போதே அது வருகின்றது. அஃதாவது, ஒருவரோடு நேரே முகங்கொடுத்துப் பேசும்வரை தமிழிலே பால் வழு நேர வழியில்லை. அவரை விட்டுவிட்டு அவரைப் பற்றி மற்றொருவரோடு பேசத் தொடங்கும்போதே நேர்கின்றது. அந்த உத்தியோகத்தர் “உங்களுக்கு என்ன செய்கின்றது?” என்று கேட்டிருந்தால் இலக்கணம் அவரைக் காப்பாற்றியிருக்கும். எதிரே நிற்பவளைப் படர்க்கையாக்கினார்; வழுவிலே விழுந்தார். “இது அவன்தானாம்” என்ற சிறு வாக்கியத்திலே ‘இது’ என்றது திணை வழு, ‘அவன்’ என்றது பால் வழு. இரண்டு வழுவை இத்தனை சிக்கனமாகச் செய்த உதாரணம் என் கொப்பிகளில் இல்லை.

அவருக்குச் சார்பாகவும் ஒரு சூத்திரம் உண்டென்பதை மறைத்தல் நேர்மையன்று. உவப்பினாலும் உயர்வினாலும் சிறப்பினாலும் கோபத்தாலும் இழிப்பினாலும் திணையும் பாலும் மாறி வருதல் இயல்பு என்று வழுவமைதி கூறும் நன்னூல். யாழ்ப்பாணத்துத் தாய் தன் மகளை “என்ரை அப்பன், வா ராசா” என்று அழைப்பது உவப்பினால் வந்தது. உத்தியோகத்தர் சொன்னது இழிப்பினால் வந்தது. இலக்கணம் இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அமைத்துக்கொள்கின்றது. ஆனால் எந்தக் காரணத்தால் மாறியது என்பதைப் பெயர் சொல்லிக் குறித்தும் வைக்கின்றது. அந்தக் குறிப்பிலிருந்து உத்தியோகத்தரும் தப்ப முடியாது. “உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை” என்ற பண்டிதரும் தப்ப முடியாது.

அவள் திரும்பி வந்தாள். உள்ளே இருந்தவர் இளம் வயதுப் பெண் வைத்தியர். துண்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். “உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறது?” என்று கேட்டார். அவள் சொன்ன பெயரைக் கொப்பியின் தலைப்பில் எழுதிக்கொண்டார். அதன் பின்னர் அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் விடை வந்தது. மருந்துக் கடையில் வாங்கிய கருத்தடைக் குளிசைகளை, நாளொன்றுக்குப் பலவாக, ஒருவரிடமும் கேளாமல் இரண்டு வருஷமாக விழுங்கி வந்திருக்கின்றாள். பெண்மைக்குரிய ஓமோன் அதில் இருக்கின்றது என்று யாரோ சொல்லக் கேட்டுச் செய்தது. அவ்வகைக் குளிசைகளில் உள்ள எதினைல் ஈஸ்திரடையோல் என்னும் பொருள் இரத்தம் கட்டியாக உறையும் தன்மையைக் கூட்டும். மேற்பார்வையுடன் சிகிச்சை செய்யும் வைத்தியர்கள் இதனைத் தவிர்த்து, வேறு வகை ஈஸ்திரடையோலை அளவாகக் கொடுத்து, காலத்துக்குக் காலம் இரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். அவளுடைய கெண்டைக்காலின் ஆழ்ந்த நாளத்திலே இரத்தம் உறைந்திருந்தது. அக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிர் போகலாம். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய வைத்தியர் வாக்கியத்தை முடிக்கவில்லை. இம்முறை பெண்கள் வாட்டில் ஒரு மூலைக் கட்டில் கிடைத்தது. பல மாதம் மருந்து எடுத்தாள், கால் வற்றிவிட்டது.

“வைத்தியருக்கு உடம்பின் உண்மை தெரிய வேண்டாமோ? பெயரையும் சேலையையும் பார்த்து மருந்து கொடுக்கலாமோ?” என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. வைத்தியருக்குத் தெரியத்தான் வேண்டும். திருநம்பி ஒருவருக்குக் கருப்பை இருக்குமாயின் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை அவருக்கும் வேண்டும். திருநங்கையிடம் முன்னிற்குஞ் சுரப்பி இருக்கும். வயது சென்றபின் அதனையும் கவனிக்க வேண்டும். ஆனால் இந்த உண்மைகளை அறிய வேண்டியவர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் வைத்தியர். மண்டபத்திலே கூவும் உத்தியோகத்தர் அல்லர். மதித்துக் கேட்பவருக்கு நோயாளி உண்மை சொல்வார். அவமதிப்பவருக்குப் பொய் சொல்வார், அல்லது வரவே மாட்டார். என் மாணாக்கி குளிசைக் கதையை அந்த வைத்தியரிடம் சொன்னது, பெயரைக் கேட்ட பிறகுதான்.

உலகச் சுகாதார நிறுவனம் தன்னுடைய நோய் வகைப்பாட்டின் பதினோராம் திருத்தத்தை 2019ஆம் ஆண்டு மே மாதம் ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதிலே, பிறப்பிற் குறித்த பாலும் தாம் உணரும் பாலும் ஒவ்வாதிருக்கும் நிலை உளநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டு, பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்தில் வைக்கப்பட்டது. எடுத்து எறியாமல் இடம் மாற்றியதற்குக் காரணம், சிகிச்சை வேண்டுவோருக்கு அது தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே. நோய் இல்லையென்றால் இவர்களுள் இத்தனை பேருக்கு மனச்சோர்வு ஏன், தற்கொலை எண்ணம் ஏன் என்று கேட்போர் உளர். அமெரிக்காவின் மூன்று நகரங்களில், 15 முதல் 21 வயது வரையான 129 இளையோரிடம் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளியாயிற்று. வீடு, பாடசாலை, வேலைத்தலம், நண்பர் கூட்டம் என்ற நான்கு இடங்களுள் எத்தனை இடத்தில் அவர்கள் தாம் தெரிந்துகொண்ட பெயரால் அழைக்கப்படுகின்றனர் என்று கேட்டார்கள். அழைக்கப்படும் இடம் ஒன்று கூடும்போது தற்கொலை எண்ணம் நூற்றுக்கு 29 பங்கும், தற்கொலை முயற்சி நூற்றுக்கு 56 பங்கும் குறைந்து காணப்பட்டன. சிறு தொகையினரிடம் செய்த ஆய்வு. பெயர் ஒன்றே அத்தனையையும் செய்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பெயரை ஏற்றுக்கொள்ளும் வீட்டிலே வேறு நன்மைகளும் இருந்திருக்கும். ஆயினும் ஒரு விளிப்பெயருக்கு இத்தனை பக்கத்தில் உயிர் இருக்கின்றது என்பதை இலக்கண ஆசிரியனாகிய நான் அறிந்திருக்கவில்லை. விளிமரபைப் பரீட்சைக்காகவே படிப்பித்தேன்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் சரியன்று. 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு விடுத்த சுற்றறிக்கையின்படி உளநல வைத்திய நிபுணர் ஒருவரிடம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதனைக் கொண்டு பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலே பெயரையும் பாலையும் மாற்றலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் கந்தோர் கந்தோராக ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் தேசிய அடையாள அட்டையின் எண்ணிலே ஒரு விசித்திரம் உண்டு. பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கம், அது ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. பால் விகுதியைச் சொல்லுக்குள்ளே வைத்த தமிழையும் விஞ்சி, எண்ணுக்குள்ளே வைத்துவிட்டனர் நம்மவர். பெயரை மாற்றி, படத்தை மாற்றினாலும், பழைய எண் நிற்குமட்டும் அது “அவன், அவன்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இவையெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி என்று சொல்வோருக்கு ஒரு வார்த்தை. தொல்காப்பியம் எந்தக் கப்பலில் வந்தது? கப்பலில் வந்தது வேறு. அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் 1841இல் ஆங்கிலேயர் ஆக்கியது. தண்டனைச் சட்டக் கோவை 1883இல் அவர்கள் ஆக்கியது. வீதியால் நடந்து போன திருநங்கையர்மீது முன்னையதும், பெண்ணுடை உடுத்தது ஆள்மாறாட்டம் என்று பின்னையதன் 399ஆம் பிரிவும் பிரயோகிக்கப்பட்டமை 2016இல் வெளிவந்த மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் அறிக்கையிலே பதிவாகியிருக்கின்றது. பகிடிதான் உள்ளூர் உற்பத்தி.

பெற்றோருக்கு நான் புத்தி சொல்லத் தகுதியுடையவனல்லன். பிள்ளை ஒருநாள் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டுப் பதறவும் வேண்டாம், முடிவு கட்டவும் வேண்டாம். தகுந்த வைத்தியரிடம் அழைத்துச் சென்று பொறுமையாகக் கேட்பது நல்லது. அடித்தும், நூல் கட்டியும், கல்யாணம் செய்துவைத்தும் மாற்றலாம் என்று முயன்றவர்களை என் ஊரிலே கண்டிருக்கின்றேன். மாறியதைக் கண்டதில்லை. ஊரை விட்டுப் போனதைக் கண்டிருக்கின்றேன். ஒருமுறை கிணற்றடியிற் கூட்டத்தைக் கண்டிருக்கின்றேன்.

இவ்வருஷம் நன்னூல் வகுப்பில் அந்தச் சூத்திரத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் பின்வாங்கிலே சிரிப்பு வந்தது. இருபது வருஷத்துக்கு முன் இதே அறையிலே நான் சொன்னதை அப்படியே அவர்களுக்குச் சொன்னேன். சிரிப்பு நின்றது. மூன்றாம் நாள் ஒரு பெண்பிள்ளை எழுந்து, “ஐயா, அவாவிய பாலைக் கொடுத்த முனிவர் பிறகு ஏன் அஃறிணை போலவும் வரும் என்றார்?” என்று கேட்டாள். அக்கால வழக்கு அவ்வாறு இருந்தது. உள்ள வழக்கை எழுதிவைப்பது இலக்கணியின் கடன் என்று மறுமொழி சொன்னேன். “அப்படியென்றால் இனிமேல் எழுதுகிறவர் இன்றைய வழக்கை எழுதலாமோ?” என்றாள். பழையன கழிதலும் புதியன புகுதலும் வழு அல்ல என்று அந்த முனிவரே சொல்லியிருப்பதால், என்னிடம் ஆட்சேபம் இருக்கவில்லை.

போன மாதம் என் பழைய மாணாக்கி வீட்டுக்கு வந்தாள். பிறப்பத்தாட்சிப் பத்திரம் திருந்தி வந்துவிட்டது. பழைய பரீட்சைச் சான்றிதழிலும் பெயர் மாற்ற வேண்டுமாம். அதற்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரும்படி கேட்டாள். பண்டிதன் செய்யக்கூடிய உத்தியோகம் அது. இருவரும் விறாந்தையில் இருந்து எழுதினோம். இரண்டிடத்தில் என் சந்தியை அவள் திருத்தினாள்.

எழுத்துத் தமிழிலே ‘அவர்’ என்று ஆணையும் பெண்ணையும் ஒருங்கே சொல்லித் தப்பிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே அந்த வழியும் இல்லை. அவர் என்றால் ஆண். பெண்ணை மதித்துச் சொல்வதற்கு ‘அவ’. மரியாதைக்குள்ளும் பால் பிரித்து வைத்தவர்கள் நாங்கள். உள்ளேயிருந்து மனைவி, “ஆரப்பா வந்திருக்கினம்?” என்று கேட்டா. பேனையை வைத்துவிட்டு, “என்னட்டைப் படிச்ச பிள்ளை வந்திருக்கிறா” என்றேன்.

“அவவுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?” என்று குசினியிலிருந்து சத்தம் வந்தது.